இப்போ கிட்டுன்னுண்டோ

தூரம் என்று ஒரு கட்டம் இருக்கும்,
எண்ணைப் போட்டால் முடிந்தது என்றுதான் தேடினேன்.
மெனு முழுக்கத் துழாவியும் இல்லை.
இருப்பதெல்லாம் வேறு:
எவ்வளவு ஓங்கிக் கத்துவாய்,
எதிரில் இருப்பவனுக்கு எவ்வளவு மெல்லியது வரை கேட்கும்,
நடுவில் கிடக்கும் காற்று எவ்வளவு தின்னும்.
மூன்றையும் சொல். தூரம் தானே வரும்.

வாளையார் செக்போஸ்ட் தாண்டி
டயர் கடை மாடியில் அறை.
மேற்கு ஜன்னலோரம் போனால்
கேரளம் வரவேற்கிறது என்று மெசேஜ்.
கட்டிலுக்குத் திரும்பினால்
தமிழ்நாடு வரவேற்கிறது.
துப்பட்டா காயப்போடத்தான் போனேன்.

திரையில் பி லைன்,
காட்டுக்குள் புகுந்து போகிற தண்டவாளம்.
ஓரமாய் நாற்பத்திரண்டு பெட்டிகள்.
யானை நடக்கிற அதிர்வை மண்ணில் கேட்டு
அடுத்த பெட்டிக்குச் சொல்ல வேண்டும்,
அது அதற்கடுத்ததுக்கு,
ரயில் வருமுன் ஸ்டேஷனுக்கு.
நூறு மீட்டருக்கு ஒன்று வைத்தோம்.
வளைவில் மட்டும் பாறை,
பதினேழுக்கும் பதினெட்டுக்கும் இருநூற்றுப் பத்து.

இருநூற்றைம்பது எட்டும்வரை சக்தியை ஏற்றி இறக்கினேன்.
காம்பஸ் வைத்து இழுத்த மாதிரி வட்டங்கள்.
இருநூற்று நாற்பத்தொன்பதில் ஒரு பாக்கெட் தவறவில்லை.
இருநூற்று ஐம்பத்தொன்றில் முழுச் செவிடு.

ஞாயிற்றுக்கிழமை ஷிஜு வந்தான், கீமேன்.
தோளில் சுத்தியல், கையில் என் பெட்டி.
பதினேழிலிருந்து ஸ்லீப்பர் எண்ணி நடந்தான்.
நூறில் நின்று வாக்கிடாக்கியில் கேட்டான்:
இப்போ கிட்டுன்னுண்டோ?
கிட்டுது.
நூற்றைம்பது. கிட்டுது.
இருநூறில் மூங்கில், ராத்திரி மழை
இலைக்கு இலை தொங்கிக்கொண்டிருந்தது.
கிட்டலை ஷிஜு.
முந்நூற்றுப் பத்தில், ஓடைப் பாலத்தின் மேல்
ஒரே ஒரு பாக்கெட், வழிதவறி வந்தது போல.
பிறகு அதுவும் இல்லை.

இருநூறு ஸ்லீப்பர், நூற்றிருபது மீட்டர்.
அறைக்கு வந்து
இரண்டு புள்ளி ஏழை மூன்று புள்ளி ஒன்று ஆக்கினேன்.
அவ்வளவுதான். மூங்கிலும் மழையும் அந்த எண்ணுக்குள் வந்துவிட்டன.
வட்டங்கள் பாதியாகிப்போயின.
பதினேழு, தனக்குத் தெரிந்ததை
யாரிடம் சொல்வதென்று நின்றது.

ஏற்றிப் பார்த்தேன்.
இந்தக் காட்டில் தூரம் இரட்டிக்க
சக்தி எட்டரை மடங்கு வேண்டும்.
எட்டு டெசிபலில் வளைவு ஒட்டிக்கொண்டது,
ஆனால் மற்ற பெட்டிகள் எல்லாம்
ஒன்றின் பேச்சில் ஒன்று விழுந்து கலைந்தன.
பதினோரு மாத பேட்டரி எழுபது நாளில் செத்தது.

டி.இ. சார் போனில்:
"ரேஞ்சை ஆயிரம்னு போட்டுடுங்கம்மா.
வியாழக்கிழமை காட்டணும், படம் முழுசா இருக்கணும்."

போட்டேன்.
தூரத்துக்குத்தான் கட்டம் இல்லையே,
காதைக் கூர்மையாக்கினேன்,
எந்தக் கடையிலும் விற்காத ரேடியோவின் காது.
காடு முழுக்கப் பச்சை.
யானைகள் அறுநூறு தடவை தண்டவாளம் கடந்தன,
அறுநூறு தடவையும் ரயில் நின்றது.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
நன்றாகத்தான் இருந்தது.

கீழே போய் ஒரு கட்டன்சாயா குடித்துவிட்டு வந்து
எல்லாவற்றையும் பழையபடி ஆக்கினேன்.
சக்தியை இரண்டு டெசிபல் கூடவே குறைத்தேன்.
நூற்று எழுபத்தைந்தாவது ஸ்லீப்பரில்
நாற்பத்துமூன்றாவதாக ஒன்று வைத்தேன், திரையில் மட்டும்.
அங்கே கம்பம் நட முடியுமா என்று ஷிஜுவைக் கேட்டேன்.
பாறையாணு, என்றான்.
பிறகு அவனே, பெயின்ட் அடித்து ஒரு கோடு போட்டுவைக்கிறேன், என்றான்.

டி.இ.க்கு அனுப்பிய படத்தில் நாற்பத்திரண்டுதான்.
வளைவு வெள்ளையாகவே இருக்கிறது.

மூன்று பத்துக்கு கூட்ஸ் போனது,
ஜன்னல் கண்ணாடி நடுங்கி அடங்கியது.
கட்டிலை விட்டு நான் அசையவில்லை.
கேரளம் வரவேற்கிறது
என்றது போன்.