இடந்தலை

"எல்லாம் இருக்கு ரெஜினா, என் இடது கையத்தான் காணோம்"
என்று திருஞானம் கடை மேசையில் வைத்தது
சொம்பு உயரத்துக்கு ஒரு பாட்டரி ஸ்பீக்கர்.
கண்டனூர்க் கல்யாணத்தில் அவன் வாசித்த தனி
அதற்குள் ஓடிக்கொண்டிருந்தது.
வலந்தலையில் விரல்கூடுகள் பொரிந்து தள்ள,
கழி விழும் பக்கம் மட்டும்
யாரோ தலையணையை அடிப்பது மாதிரி.
அதுகூட இல்லை,
யாரோ அடிக்க நினைப்பது மாதிரி.

கல்லுக்கட்டியில் லேப்டாப் பழுது பார்ப்பவள் நான்.
தவிலில் எனக்குத் தெரிந்தது
அதற்கு இரண்டு பக்கம் என்பதுதான்.
ஆனால் காற்றைத் தெரியும்.
கனத்த ஒலி என்பது நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுவது;
உள்ளங்கை அகலக் கூம்புக்கு அந்த மூச்சு கிடையாது.

பன்னிரண்டு நாள்.
செத்த லேப்டாப் பாட்டரிகளைப் பிளந்ததில்
முப்பத்தொரு செல்லுக்கு ஆறு தேறியது.
அதிலும் ஒன்று சும்மா இருக்கும்போதே சுட்டது,
அதை மணல் டப்பாவில் போட்டுவிட்டு மறுபடி தேடினேன்.
வூஃபர், தேவகோட்டை ரஸ்தாவில் கவிழ்ந்த ஆம்னியுடையது.
பலகைக்குப் பழம்பொருள் கடைத் தெருவுக்குப் போனேன்,
பர்மாத் தேக்கு விலை சொன்னார்கள்,
கொல்லையில் கிடந்த பேக்கிங் பிளைவுட்டை
எடைக்கு வாங்கிக்கொண்டு திரும்பினேன்.
'கவனம், கண்ணாடி' என்று
அதில் இன்னும் எழுதியிருக்கிறது.

மூட்டுக்கு மூட்டு எம்-சீல்.
ஊதுபத்தியை ஓரமாய் ஓட்டிப் பார்த்தபோது
ஒரு மூலையில் புகையிழை நடுங்கியது;
அங்கே இன்னும் ஒரு விரல் அப்பினேன்.
பிவிசி குழாயை விரற்கடை விரற்கடையாய் நறுக்கினேன்,
பெட்டி முனகுவதை விட்டுப் பேசும்வரை.
தோளுக்குப் பள்ளிக்கூடப் பை வார்.
நாலரைக் கிலோ.
என் மகன் சுமப்பது இதைவிடக் கனம்.

கடைக்குள் பிரமாதம்.
ஷட்டர் அதிர்ந்தது, ஜெராக்ஸ்காரர் வெளியே ஓடிவந்தார்.
ஊருணிக் கரைக்குக் கொண்டுபோனால்
ஒன்றுமே இல்லை.
வெட்டவெளி முழுசையும் குடித்துவிட்டது.
அங்கேதான் அவன் சாதகம்;
தெருவில் வாசித்தால்
நீட் படிக்கும் பிள்ளைகளின் அப்பாக்கள் வருகிறார்கள்.
பெட்டியைத் தூக்கிக்கொண்டு கரை நெடுக நடந்தேன்,
படித்துறைச் சுவர்கள் சேரும் மூலையில்
கடைசியாக அதன் முதுகைச் சாய்த்தேன்.

வந்தது.
கல் வழியாக, செருப்பு வழியாக,
முழங்கால் வரை.
ஒரு தவளை பாதியில் நிறுத்திக்கொண்டது.
"இந்தா, என் கை!" என்று சிரித்தான்.

பிறகு சிரிக்கவில்லை.
"பின்னால தள்ளிப் போடு."
"இன்னொரு தடவை."
"தீர்மானத்துல இடது கை பிந்துது."

நான் பெட்டியைத்தான் சந்தேகப்பட்டேன்.
புளூடூத் தாமதமாயிருக்கும் என்று
சின்னது பெரியது இரண்டையும் ஒரே ஒயரில் கோத்தேன்.
கூட்டல் கழித்தல் மாற்றிச் சொருகினேன்.
போனில் கடிகாரத் துடிப்பு ஒன்றை ஓடவிட்டால்
இரண்டிலும் ஒன்றாக விழுந்தது,
தட்டில் போட்ட ஒற்றைக் காசு மாதிரி.
மறுபடி அவன் தனி.
மூன்றாவது சுற்று.
கழி ஒரு மயிரிழை பிந்தியது.
எனக்கே கேட்டது.

"குமிழைக் கொஞ்சம் குறைக்கட்டுமா" என்றேன்.
அப்படிக் கேட்டதற்கு இன்றைக்கும் வெட்கம்.

"எத்தன கல்யாணம்..." என்றான்,
என்னைப் பார்த்து இல்லை.
பாட்டரி விளக்கு பச்சையிலிருந்து ஆரஞ்சுக்கு வந்தது.
தவிலை அவன் உறையைவிட்டு எடுக்கவில்லை.
கழியை மட்டும் உருவி
பெட்டியின் மண்டையில்,
'கவனம், கண்ணாடி'க்குச் சற்று மேலே,
பெட்டிக்குள் இருந்த தன் கையோடு சேர்ந்து
போட ஆரம்பித்தான்.

பன்னிரண்டு எம்.எம். பிளைவுட்தான்,
பிளந்துவிடும் என்று சொல்ல வாயெடுத்தேன்.
அடுத்த சுற்று வந்துவிட்டது.