அரைப்பேர்

மடுவம் கலைந்து
பிள்ளைக்காம்பராவில் கூடினோம்.
இடுப்புப் படங்குகளில் இன்னும் ஈரம்.
டென்மார்க்கிலிருந்து வந்த மரேன்
தரையில் பெரிய தாள் விரித்து
சாயப்பேனைகளைப் பரப்பினாள்.

அவள் சொன்னதை
"வலுவூட்டல்" என்று சொல்லிவைத்தேன்.
தவமணி கேட்டாள்: "அது எத்தன நாளைக்கி?"
மூன்று வாரம்.
"சம்பளம்?"
இல்லை, சொந்தக் காசில் வந்திருக்கிறாள்.
"அடி பாவமே" என்று
ரொட்டியில் பாதி பிட்டு நீட்டினாள்.
அதை நான் மொழிபெயர்க்கவில்லை,
மரேன் தின்றுகொண்டிருந்தாள்.

பிறகு, எல்லோரும்
அவரவர் பெயரைப் பெரிதாய் எழுதட்டும் என்றாள்.
பேச்சியம்மா கேட்டாள்:
"முழுப்பேரா, அரைப்பேரா?"
காம்பரா குலுங்கிற்று.
மரேனும் சேர்ந்து சிரித்துவிட்டு
என் முகத்தைப் பார்த்தாள்.

எங்கே தொடங்குவது?
பதினெட்டுக் கிலோவுக்கு ஒரு பேர்.
குறைந்தால் அரை.
சாக்குக்கு ஒன்று, ஈரத்துக்கு ஒன்று என்று
தராசு தின்றது போக
பதினெட்டு.

நான் சொல் தேடித் தடுமாற
பேச்சியம்மா சிவப்புப் பேனையை எடுத்தாள்.
எழுதியது பெயரல்ல.
ஏழாம் நம்பர் மலையில்
நேற்று எடுத்தது இருபது.
துண்டில் விழுந்தது பதினேழரை.
"எனக்கும் போடு" என்று
அடுத்தவள் தாளை இழுத்தாள்.
அதற்கடுத்தவள் திங்கட்கிழமையிலிருந்து சொன்னாள்,
விரல் மடக்கி.

மரேனின் பயிற்சிப் புத்தகம்
எட்டாம் பக்கத்தோடு நின்றுபோனது.

கிளம்பும்போது தாளைக் கேட்டாள்,
படமெடுத்து ஊருக்கு அனுப்ப.
பேச்சியம்மா அதை நாலாய் மடித்து
வெத்தலைப் பைக்குள் செருகினாள்:
"நாளைக்கி மடுவத்துக்கு வேணும்னு சொல்லு."

அதைச் சொல்லுமளவு
எனக்கு ஆங்கிலம் தெரிந்திருந்தது.