பூட்டுக்காரன்

சனிக்கிழமை இரவு பத்தரை.
ஜூன் மாதம் லூயிஸ் தீவில் அந்நேரத்துக்கும் வெளிச்சம் தீராது,
நீர் கலந்த பாலின் நிறத்தில் வானம்.
இரண்டு சங்கிலியும் ஒரு பித்தளைப் பூட்டும் எடுத்துக்கொண்டு
சிறுவர் பூங்காவுக்குப் போவேன்.
ஊஞ்சல்களைத் தூணோடு சுற்றிப் பூட்டுவேன்.
திங்கள் காலை ஆறுக்குத் திறப்பேன்.
கவுன்சில் கொடுத்த வேலை, சம்பளமும் உண்டு.
இருபத்தொன்பது வருடம்.

ஓய்வுநாளில் இங்கே கொடியில் துணி இராது.
உருளைக்கிழங்கு முந்தின நாளே தோலுரிந்திருக்கும்.
படகுகள் கரையில் கவிழ்ந்து கிடக்கும்.
காற்று மட்டும் வேலை செய்யும்;
அதை யாரும் சபைக்கு முன் நிறுத்தியதில்லை.

எனக்குள்ளும் ஒரு பூட்டு இருந்தது.
பதினோரு வருடம் நான் விஸ்கி தொடவில்லை.
காலையில் ஒரு சங்கீதம், முழங்காலில்.
மாலையில் நாட்காட்டியில் ஒரு பென்சில் கோடு.
கோடுகளைச் சில நேரம் கூட்டிப் பார்ப்பேன்,
கடன்காரன் ரசீதுகளைப் புரட்டுவதுபோல.
கர்த்தருக்கு நான் எவ்வளவு பாக்கி என்று பார்த்தால் சரி.
சொல்ல வெட்கம்,
அவர் எனக்கு எவ்வளவு பாக்கி என்று பார்த்தேன்.

அந்தச் சனிக்கிழமை ஒன்றும் நடக்கவில்லை.
யாரும் சாகவில்லை. யாரும் ஏசவில்லை.
அக்கா மகன் கல்யாணத்தில் மீந்த புட்டி கொட்டகையில் இருந்தது,
நான் எண்ணெய் எடுக்கக் கொட்டகைக்குப் போனேன்.
அவ்வளவுதான்.

விழித்தபோது சரளைக்கல்லில்
சபைக்குப் போகிறவர்களின் காலடி.
நாக்கு ஈரச் சாக்காய்க் கிடந்தது.
முதலில் தேவன் நினைவுக்கு வரவில்லை,
பூட்டு வந்தது.

கோட்டுக்குள் சங்கிலியை மறைத்துக்கொண்டு நடந்தேன்.
ஓய்வுநாளில் சுமை தூக்குவது ஒரு மீறல்.
பூட்டுவது வேலை, அது இன்னொன்று.
ஒரு கட்டளையைக் காப்பாற்ற
எத்தனையை உடைக்க வேண்டியிருக்கிறது என்று
விரல்விட்டு எண்ணிக்கொண்டே போனேன்.

கிறீச். கிறீச்.
யாரோ ஆடுகிறார்கள்.

ஓய்ரிக் மெக்ரிச்சி.
மூப்பரின் மனைவி. கறுப்புக் கோட்டு, கறுப்புத் தொப்பி,
மடியில் வேதப்புத்தகம்.
என் குடியைச் சபைக்கு எழுதிக்கொடுத்த கை
கறுப்புக் கையுறைக்குள் ஊஞ்சலைப் பிடித்திருந்தது.
கால்கள் நிலம் தொடாமல் முன்னே போய்ப் பின்னே வந்தன.

என்னைக் கண்டும் நிறுத்தவில்லை.
"நேற்று பூட்டவில்லை."
"குடித்தேன்."
"மணக்கிறது."
பிறகு வெகுநேரம் கிறீச் கிறீச் மட்டும்.
"வாசல்வரை போனேன்" என்றாள்.
"ஐம்பது வருடமாய் அதே இருக்கை.
இன்று என்னிடம் ஒரு வார்த்தையும் இல்லை. பாடினால் பொய்."
கோட்டுக்குள் இரும்பு குலுங்கியது.
"பூட்டப் போகிறாயா?"
"அதற்குத்தான் வந்தேன்."
"நான் இறங்கிய பிறகு பூட்டு.
மற்றது சும்மாதான் தொங்குகிறது."

உட்கார்ந்தேன்.
ஐம்பத்தெட்டு வயது, விஸ்கி நெடி, மடியில் ஒரு சுருள் இரும்பு.
அண்ணாந்து பார்த்தேன்:
ஊஞ்சலைத் தாங்குவதும் சங்கிலிதான்.
அதே கடையில், அதே தடிமனில்,
நானே வாங்கி நானே மாட்டியது.
இத்தனை வருடத்தில் ஒருமுறையும்
என் பாரத்தை அதற்குக் கொடுத்ததில்லை.

மேட்டிலிருந்து சங்கீதம் இறங்கி வந்தது.
ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க
ஊரே பின்னால் இழுக்கும் அந்த நீண்ட, உப்பேறிய பாட்டு.
ஓய்ரிக்கின் உதடு அசைந்ததா, நான் பார்க்கவில்லை.
என் உதடு அசைந்தது,
நான் அசைக்காமல்,
இன்னும் கொப்பளிக்காத வாயில்.

திங்களன்று கொக்கிகளுக்கு எண்ணெய் இட்டேன்.
அடுத்த சனிக்கிழமை பத்தரைக்குப் பூட்டினேன்.
ஊஞ்சலுக்கும் ஒருநாள் ஓய்வு வேண்டும் என்று
இப்போதும் நம்புகிறேன், விவாதிக்க வராதீர்கள்.
நாட்காட்டியில் மறுபடி முதல் கோடு.
காலையில் மறுபடி முழங்கால்.
கோடுகளைக் கூட்டுவதில்லை.
பூட்டுமுன் ஒருதரம் உட்கார்கிறேன்,
தரையில் ஒரு உதை,
இரும்பு என்னை எடுத்துக்கொள்கிறது.

போன புதன்கிழமை
ஊஞ்சல் பலகையில் ஒரு கறுப்புக் கையுறை கிடந்தது.
எடுத்து வைத்திருக்கிறேன்.
கொடுக்க வேண்டும்.