இரட்டை முடிச்சு

சர்க்கரை இருநூற்றுப் பதினெட்டு.
சீட்டை நானே அச்சிட்டு
நானே உறையில் போட்டு
நானே கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டேன்.
ஆஸ்பத்திரி லேபில் பதினாறு வருடம்.
ஊரார் ரத்தமெல்லாம் எண்ணாகத் தெரிந்தது,
என்னுடையது அன்றுதான்
சிவப்பாய்த் தெரிந்தது.

மறுநாள் ஐந்து மணிக்குக் கோட்டை அகழியோரம்
துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு
செருப்போடு ஓடத் தொடங்கி
மூன்றாவது விளக்குக் கம்பத்தில் நின்றுவிட்டேன்.
அகழியில் ஒரு மீன்
எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது.

அங்கேதான் அவர்கள்.
இரவு ஷிப்ட் முடித்துத்
தூங்கப் போகுமுன் ஓடுகிற
காட்பாடி யார்டு துளசிங்கம்.
எவ்வளவு வியர்த்தாலும் புருவத்தில் மாவு போகாத
சத்துவாச்சாரி மில் எத்திராஜ்.
மேல்விஷாரத்தில் ஷூ கம்பெனிக் கணக்கெழுதும் முபீனா,
கருப்பு புர்காவுக்குக் கீழே
கிளிப்பச்சையில் இரண்டு ஷூ.

"கம்பத்துக்குக் கம்பம் ஓடுங்கோ போதும்" என்றார் துளசிங்கம்,
"ஊரையே சுத்தச் சொல்லி
யாரு அடிச்சாங்கோ?"

கம்பத்துக்குக் கம்பம்.
பகலெல்லாம் குடித்த வெயிலை
மலைப்பாறை விடியும்வரை கக்குகிற ஊர் இது.
சித்திரையில்
ஓடாமலே வியர்க்கும்.
ஆடி பிறக்கையில் கிரீன் சர்க்கிள் வரை போயிருந்தேன்,
பஸ் டிரைவர் ஒருவர்
ஹாரன் அடித்து வாழ்த்தினார், அல்லது
வழிவிடச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பாலாற்றில் இறங்குவோம்.
கடன் கேட்டு வந்த சொந்தக்காரனைப்போல
மணல் காலை விடாது.
தண்ணீரில்லாத ஆறு என்று
யாராவது இளித்தால்
எத்திராஜுக்கு உடனே கோபம் வரும்:
"தண்ணி இருந்தா
நாங்க எங்கய்யா ஓடறது?"

நான் எப்போதும் கடைசி.
நான் பின்தங்கும் இடத்திலெல்லாம்
முபீனாவின் லேஸ் அவிழ்ந்துகொள்ளும்.
குனிவாள். கட்டுவாள்.
நான் வந்து சேரவும் நிமிர்வாள்.
"ச்சே, இந்த லேஸ்."
ஷூ கம்பெனிக்காரிக்கு
ஒரு நல்ல லேஸ் வாய்க்கவில்லையே என்று
நிஜமாகவே வருத்தப்பட்டிருக்கிறேன்.

அமிர்தி அருவிக்குப் போன அன்று
பாறைமேல் உட்கார்ந்து
முடிச்சை அவிழ்க்காமலே காலை உருவினாள்.
அவள் தண்ணீரில் நிற்கும்போது பார்த்தேன்.
இரட்டை முடிச்சு, அதன்மேல் இன்னொன்று.
இழுத்துப் பார்த்தேன்,
நகம்தான் வலித்தது.

கேட்கவில்லை.
எத்திராஜ் வீட்டு முள்ளுக்கத்திரிக்காய்த் தொக்கில்
என் பங்கை அவள் இலைக்குத் தள்ளினேன்.
அதற்குள் ஒரு குரங்கு வந்து
தொக்கை விட்டுவிட்டு
துளசிங்கத்தின் விசிலைத் தூக்கிக்கொண்டு போனது.

சர்க்கரை இப்போது நூற்று எழுபத்தொன்று.
ரொம்பவெல்லாம் குறைந்துவிடவில்லை.

கார்த்திகையில் ஒருத்தி வந்தாள்.
ஆஸ்பத்திரி எதிர்ச்சந்து லாட்ஜில்
இரண்டு மாதமாக இருக்கிற ஷெஃபாலி.
மால்டாவிலிருந்து
இரண்டு நாள் ரயிலில் வந்தவள்.
அவள் புருஷனின் பெயரை
ரத்தக் குழாயில் ஒட்டிய சீட்டில்
வாரம் இருமுறை படிக்கிறேன்.
சொல்லவில்லை,
சொல்லக் கூடாது.
அவளுக்குத் தெரிந்த தமிழ், கவுன்ட்டர்களில் கற்றது,
இரண்டே இரண்டு:
"எவ்ளோ?"
"நாளைக்கு வாங்க."

ஹவாய் செருப்போடு ஓடி
மூன்றாவது கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.
மூச்சா அழுகையா,
முதுகைப் பார்த்தால் தெரியவில்லை.

நான் குனிந்தேன்.
லேஸ் கட்டினேன்.
வெகுநேரம் கட்டினேன்.

அவள் என் ஷூவைப் பார்த்தாள்.
பிறகு என்னைப் பார்த்தாள்.
போன மாதம்தான் வாங்கியது,
ஒட்டுப்பட்டை வைத்தது,
லேஸே கிடையாது.

அந்த இருட்டில் அவள் சிரித்த சத்தத்துக்கு
முன்னால் போன மூன்று பேரும்
திரும்பி நின்றார்கள்.
முபீனா மட்டும்
எதுவும் தெரியாதவள் போல
வானத்தைப் பார்த்தாள்.

டீ குடித்து, கிளாஸை வைத்துவிட்டு
போகும்போது ஷெஃபாலி சொன்னாள்:
"நாளைக்கு வாங்க."
சொன்னாளா, கேட்டாளா,
யாருக்கும் விளங்கவில்லை.

கை விரல்களை
ஐந்தையும் விரித்துக் காட்டினேன்.