ஐந்து ஆம்பியர்

பழைய சார்ஜரைப் பிரித்து மோந்து பார்த்தார் தஸ்தகீர்.
மீன் வறுத்த சட்டியை மோப்பது போல.
உள்ளே ஒரு கெப்பாசிட்டர் வயிறு உப்பிக் கிடந்தது,
பக்கத்தில் இரண்டு எறும்பு, கருகி.
"பச்சை லைட்டு மட்டும் எரிஞ்சிருக்குமே?"
எரிந்தது. அதை நம்பித்தான்
போன வியாழக்கிழமை பதினேழாவது வளைவில்
வண்டியோடு நின்றேன்,
மழையில், ஹெல்மெட்டைக் கழற்றாமல்,
கீழே சேலம் மொத்தமும்
சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

கண்ணாடி மேசைமேல் மூன்றை வைத்தார்.
ஒன்று மலிவு.
"இது ஆசிட் பேட்டரிக்கு. எழுபத்து மூணு வரைக்கும் ஏத்தும்.
உங்களது லித்தியம். அறுபத்தேழுல நிறுத்தணும்.
மேல ஊத்தினா பத்திக்கும்."
அவரே அதை எடுத்துப் பின்னால் வைத்தார்.
ஒன்று பத்து ஆம்பியர்.
மூன்று மணி நேரத்தில் நிறைத்துவிடும்,
விசிறி மட்டும் மாவு மில் மாதிரி இரையும்.
இன்னொன்று ஐந்து ஆம்பியர்.
விசிறி கிடையாது. அலுமினிய உடம்பு, செங்கல் கனம்,
ஆறேழு மணி நேரம் ஆகும், விலையும் கூட.

நான் பத்தைத்தான் கையில் எடுத்தேன்.
சீக்கிரம் நிறைய யாருக்குத்தான் ஆசையில்லை.

"வீடு எங்கம்மா?"
நாகலூர்.
"வேலை?"
ஐந்து ரோடு. ஸ்கேன் சென்டரில் பில் போடுகிறேன்.
"எங்க சார்ஜ் போடுவீங்க?"
வீட்டில்தான், ராத்திரி.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.
"காலையில இறங்கத்தானே போறீங்க?"

இரண்டு வருஷம்.
நிறைந்த பேட்டரியை வைத்துக்கொண்டு
இருபது வளைவும் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கி,
பகலெல்லாம் வண்டியைச் சும்மா நிறுத்திவிட்டு,
சாயங்காலம் மிச்சத்தில் மலை ஏறியிருக்கிறேன்.
பில்லில் ஐம்பது பைசா விட்டதில்லை நான்.

ஆக, சார்ஜர் இருக்க வேண்டியது கீழே.
கீழே என்றால் பேஸ்மெண்ட்.
பேஸ்மெண்டில் இருப்பது ஒரே ஒரு பிளக் பாயிண்ட்.
அது வாட்ச்மேன் மாதையனின் கெட்டிலுக்குச் சொந்தம்.

கடையிலிருந்தே போன் போட்டேன், ஸ்பீக்கரில்.
"கெட்டில் ஓடுறப்ப எதைச் சொருகினாலும் ட்ரிப்பாகும் மேடம்.
போன மாசம் ஒருத்தன் இஸ்திரிப் பெட்டி போட்டான்.
மேல ஸ்கேன்ல படுத்திருந்த அம்மா
இருட்டுல முருகான்னு கத்துச்சு."
தஸ்தகீர் பில்லின் முதுகில் பெருக்கிப் பார்த்தார்.
பத்தும் கெட்டிலும் சேர்ந்தால் விழும்.
ஐந்தும் கெட்டிலும் தாங்கும்.
"கூட மிக்சி?" என்றது போன்.
"பேஸ்மெண்ட்ல உனக்கு எதுக்குய்யா மிக்சி?" என்றார்
அதுவரை பார்த்தேயிராத மனிதரிடம்.

செங்கலை வாங்கிக்கொண்டு வந்தேன்.

மூன்று வாரம் ஆகிறது.
பதினேழாவது வளைவைத் தாண்டும்போது
சில நாள் மூன்று கட்டம் மிச்சம்.
தன் செல்போனுக்காகப் பிடுங்கியதை
அவர் மறந்துபோன நாளில் ஒன்று.
அன்றைக்கு மட்டும் பாட்டு முனகாமல் ஏறுகிறேன்.

நேற்று வருகைப் பதிவேட்டில்
என் கையெழுத்துக்குக் கீழே, அவர் கையெழுத்தில் ஒரு வரி.
பெயர்: சார்ஜர்.
உள்ளே எட்டு நாற்பது, வெளியே ஐந்து ஐம்பது.
யாரைப் பார்க்க என்ற கட்டத்தில்
பேனாவை உதறிய மைப்புள்ளி மூன்று.
அப்புறம், கொஞ்சம் சாய்ந்து,
ஏற்காடு.