கட்டியாச்சோ

ஆறு வருசம்
"கட்டியாச்சோ" எண்டு கேட்டுத்தான் சம்பளம் எடுத்தனான்.
திங்கள் தருமபுரம், செவ்வாய் விசுவமடு,
புதன் கண்டாவளை.
வெள்ளைச் சேட்டு, கழுத்தில படம் போட்ட அட்டை.
மோட்டார்சைக்கிளை நிப்பாட்டாமல்
படலையடியில ஓடவிட்டபடி கூப்பிடுவன்.
நாய்களுக்கு என்ர ஹோர்ன் தெரியும்.
பெண்களுக்கும் தெரியும்.
கிணத்தடியில வாளி விழும்.
பிறகு ஒரு பிள்ளை வந்து சொல்லும்,
"அம்மா இல்லை."
வேலித் தகரத்துக்குக் கீழ
அம்மாவின்ர கால் ரெண்டும் தெரியும்.
நான் பாக்காத மாதிரி எழுதுவன்: வீட்டில் இல்லை.
சில புதன்களில் எழுதமாட்டன்.
நிண்டுகொண்டே இருப்பன்.

விட்ட நாள் பெரிய நாள் இல்லை.
மனேச்சர் ரமணசீலன் காத்தாடிக்குக் கீழ இருந்து கேட்டார்,
"ஆத்தில என்ன இருக்கு? தண்ணிதானே?"
ஓம் எண்டன்.
பொம்பிளை வீட்டார் சாதகத்தைத் திருப்பி அனுப்பிச்சினம்,
பதிவுத் தபாலில,
தொலைஞ்சு போகக்கூடாதெண்டு.

கித்துல்கலவில நாலு மாசம்.
அங்க ஆறு பாறையில விழுந்து எழும்பி ஓடும்;
கட்டளை எல்லாம் சிங்களத்தில, இங்கிலீசில.
என்ர ஆறு அப்பிடி இல்லை.
கனகராயன் மருதமரங்களுக்குள்ளால சோம்பிப் போற ஆறு.
இரணைமடு வான்கதவு திறந்தால்தான்
கொஞ்சம் கோபப்படும், ஒரு ஏழு கிழமை.
மிச்சக் காலம் மணல்.

கட்டளைக்குத் தமிழ் வேணும்.
சுண்டிக்குளத்து மீன்பிடிக்காரரிட்டை
அணியம், கடையார் எண்ட சொல்லுகளை
வட்டியில்லாமல் கடன் வாங்கினன்.
"முன்னுக்கு வலி!" எண்டு கத்த,
கொழும்பில வளந்த பெடியன் ஒருத்தன் திரும்பி,
"எங்கை அண்ணா வலிக்குது?" எண்டான்.
படகு அதுக்குள்ள நாணலுக்குள்ள ஏறீட்டுது.

முரசுமோட்டையில ஏத்தி கண்டாவளையில இறக்குவன்.
இடக்கரையில ஒரு வளைவில
சிவப்புப் பலகை இன்னும் நிக்குது.
அந்தப் பக்கம் ஒருத்தரையும் இறக்கிறதில்லை,
மூத்திரத்துக்கும்.

படகு லீசிங்கில எடுத்தது.
புதன்கிழமைகளில ஒரு பெடியன் வருவான்.
வெள்ளைச் சேட்டு.

போன புதன், மழை விட்ட காலமை,
பிறேமலோஜினி அக்கா வந்தா,
ரெண்டு பிள்ளையளோட, மூண்டு ரிக்கற்றுக்கும் காசோட.
கண்டாவளை, நாலாம் குழு, பச்சைத் தகர வேலி.
நான் அவவைத் தெரியாத மாதிரி நிண்டன்.
அவ என்னைத் தெரிஞ்ச மாதிரி நிண்டா.

மிதவைச் சட்டைகளைக் குடுத்திட்டு
வழமைபோல ஒவ்வொருத்தராய்ப் பாத்துக்கொண்டு வந்து
அவவுக்கு முன்னால நிண்டு, பழக்கதோசத்தில,
"கட்டியாச்சோ?"

ஆறு சத்தம் போட்டுக்கொண்டு போச்சுது.

"இன்னும் ரெண்டு இருக்கு, தம்பி."
குனிஞ்சு பாத்தா, நெஞ்சில ஒண்டு பூட்டி
கீழ ரெண்டு வார் தொங்குது.
நான்தான் கட்டிவிட்டன்.
விரல் நடுங்கினதுக்குத் தண்ணிக் குளிரைக் காரணம் சொல்லலாம்.

படகைத் தள்ளி ஏறி, நாலு முழம் போயிருப்பம்,
கரையில ஹோர்ன்.
ரெண்டு தரம், பிறகு நீட்டி ஒண்டு.
நான் திரும்பேல்லை.
அவவும் திரும்பேல்லை, ஆனால்
தோள் ரெண்டும் ஒருக்கால் கூனிப்போய் நிமிந்தது.

"முன்னுக்கு வலி!"
சொன்னது நானில்லை, அவ.

அணியத்தில இருந்த சின்னவன்,
எட்டு வயசிருக்கும்,
சவளைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு எழும்பி,
கரையைப் பாத்து, நல்லாப் பழகின குரலில,
"அண்ணை இல்லை!"

"இருடா, விழப்போறாய்" எண்டன்.