மறுப்புக்கு ஐந்து மதிப்பெண்

நாற்பத்தொரு தாள்.
தொண்டியில் மாலையே கரண்ட் போய்விட்டது.
போனைச் சொம்பில் சாய்த்துவைத்து
அந்த வெளிச்சத்தில் திருத்துகிறேன்.
தலைப்பு நான் கொடுத்ததுதான்:
இழுவை மடியைத் தடை செய்யலாமா, கூடாதா,
படிப்பவர் மனம் மாறும்படி எழுதுக.
ஒன்பதாம் வகுப்பு, பி பிரிவு.

கருத்துக்கு ஐந்து, சான்றுக்கு ஐந்து,
மறுப்புக்கு ஐந்து, நடைக்கு ஐந்து.
மாவட்ட அலுவலகம் அனுப்பிய கட்டம்.

இருபத்தாறு பேர்
"கடல் நம் தாய்" என்று தொடங்குகிறார்கள்.
அந்தத் தாய் யாருக்கும் சோறு போடவில்லை,
யாரையும் அடிக்கவில்லை,
மூன்றாம் பத்தியில் காணாமல் போகிறாள்.
ஆளுக்கு ஒன்பது.

காரங்காட்டு வில்சியா கெட்டிக்காரி.
"சிலர் சொல்லலாம்" என்று எதிராளியைக் கூப்பிட்டு
நாற்காலி போட்டு உட்காரவைத்து
"ஆனால்" என்ற ஒரே சொல்லில்
நாற்காலியை உருவிவிடுகிறாள்.
பதினெட்டு.
கைதட்டத் தோன்றியது.
மனம் மாறவில்லை.
அதற்குக் கட்டத்தில் இடமுமில்லை.

சோளியக்குடி முத்துராக்குவின் தாளில்
பத்தியே கிடையாது. ஒரு கணக்கு.
வல்லத்துக்கு டீசல் இவ்வளவு, ஐஸ் இவ்வளவு,
கிழிந்த வலைக்கு நூல் முந்நூற்றைம்பது,
வந்த நண்டு நாலரைக் கிலோ, அதில் பாதி சினை.
மடி அறுத்துப்போட்ட தாழை
கரையில் முழங்கால் உயரம்.
சினையை மூன்று சுழி போட்டு எழுதியிருக்கிறாள்.
கூட்டலில் ஐம்பது ரூபாய் எங்கோ விழுந்துவிட்டது.

"மறுப்பு" என்று எழுதி அடிக்கோடிட்டு
அதன் கீழே:
"எதிர்த்தரப்பு எங்க சித்தப்பா.
மடி அவருது.
போன மாசத்துலேர்ந்து அப்பா
அவர் போட்டுலதான் போறார்.
அவரை மறுத்து எழுத முடியாது டீச்சர்."

சிவப்புப் பேனாவின் மூடியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.
எதிர்த்தரப்பை அறிந்திருக்கிறாளா?
அவர் சாப்பிடும் தட்டு வரைக்கும்.
தக்க பதில் தருகிறாளா?
பூஜ்யம் போட்டேன்.
மனசு கேட்காமல் மேலே ஒரு கொம்பு இழுத்தேன்,
ஆறாகிவிட்டது.
ஐந்துக்கு ஆறு எப்படி வரும்?
அடித்துவிட்டு, இரண்டு.

நானும் எழுதியவள்தான்.
பள்ளி வாசலில் பஸ் நிற்க வேண்டிக்
கிளை மேலாளருக்கு மூன்று மனு.
தெளிவான கருத்து, தேதிவாரியாகச் சான்று,
"கால விரயம் ஆகும் எனலாம், ஆயினும்" என்று
முறையான மறுப்பு.
எனக்கு நானே இருபதுக்கு இருபது போடுவேன்.
பஸ் இன்றைக்கும் ஹாரன் அடித்தபடி கடந்து போனது.
நடத்துநர் சிரித்துக்கொண்டே கையாட்டினார்.

கரண்ட் வந்தது.
முத்துராக்கு: பதினொன்று.
பட்டியலில் ஏற்றிக் கட்டைக் கட்டினேன்.

காலையில் பள்ளிக்குப் போகும் வழியில் மார்க்கெட்.
சகர்பானிடம் எப்போதும்போல அரைக் கிலோ இறால்.
தட்டில் அள்ளிப் போடுகையில்
"இது எந்த வலையில வந்தது?" என்றேன்.
எட்டு வருஷத்தில் கேட்டதில்லை.
வாய் அதுவாகக் கேட்டது.
சகர்பான் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு
"தலையைக் கிள்ளித் தரவா, அப்படியே வேணுமா?" என்றாள்.
மறுப்புக்கு ஐந்துக்கு ஐந்து.

பணம் கொடுத்துவிட்டு நடக்கும்போதுதான் யோசித்தேன்,
இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது?
வில்சியா இல்லை. அந்தக் கணக்கும் இல்லை.
ஒன்பது வாங்கிய இருபத்தாறில் யாரோ,
கடல் தாயெல்லாம் முடிந்தபிறகு,
பக்கம் நிரம்ப வேண்டுமே என்று எழுதிய வரி:
"மீனுக்குப் பேர் கேட்டு வாங்குகிறோம்,
வலைக்குப் பேர் கேட்பதில்லை."
அதைத் தாண்டும்போது
டிக் கூடப் போட்ட நினைவில்லை.

கட்டு பையில்தான் இருக்கிறது.
எந்தத் தாள் என்று நிறுத்தித் தேட நேரமில்லை,
முதல் மணி அடித்துவிட்டது.
இறால் கவரிலிருந்து தண்ணீர்
ஒவ்வொரு சொட்டாக
மேலே இருக்கும் தாளில் இறங்குகிறது.